கருகிய காயிலிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: திருநெல்வேலி பேட்டையில் அப்பா 28 வருடமாக மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். நான் ட்ரிபிள் ஈ டிப்ளமோ முடித்து இரண்டு வருடமாக அவருக்குத் துணையாக இருக்கிறேன். அரிசி ஆலை, நூற்பாலை, கிரஷர், செங்கல் சூளை என்று பல இடங்களிலிருந்து மோட்டார் வருகிறது. அவற்றில் சில நாலே மாதத்தில் மறுபடியும் கருகி வருகின்றன. 'உங்க வைண்டிங் சரியில்லை' என்கிறார்கள். 'கரண்ட் சரியில்லை' என்கிறார் அப்பா. அளந்து காட்ட எங்களிடம் கிளாம்ப் மீட்டர் தவிர எதுவும் இல்லை. சென்னையில் மூன்று நாள் மின்தரப் (வரும் மின்சாரம் எவ்வளவு சீராக இருக்கிறது என்று அளக்கும்) பயிற்சிக்கு 24,000 ரூபாய் கேட்கிறார்கள். போகலாமா? கடன் எடுத்து, மின்தரத்தை அளந்து பதியும் அனலைசர் வாங்கலாமா? நாங்களே அளந்து சொன்னால் யாராவது நம்புவார்களா? - ஒரு வாசகி, பேட்டை.

அன்பு மகளுக்கு,

அனலைசருக்காக இப்போது கடன் வாங்க வேண்டாம். பயிற்சிக்குப் போகலாம், ஆனால் மூன்று மாதம் கழித்துப் போங்கள். அந்த மூன்று மாதத்தில் கடையிலேயே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்துவிட்டுப் போனால் அந்த மூன்று நாளில் நீங்கள் கற்பது மற்றவர்கள் கற்பதைப்போல இரண்டு மடங்காக இருக்கும்.

மின்தரம் படிக்க வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் திரையில் ஓடும் கோடுகளைத்தான் பார்த்திருப்பார்கள். அந்தக் கோடு கொஞ்சம் கோணினால் காயிலுக்கு என்ன ஆகிறது என்று கண்ணால் கண்டவர்கள் குறைவு. உங்கள் கடை வாசலிலோ அது வாரம் தவறாமல் வந்து இறங்குகிறது. அண்ணாச்சி (உங்கள் அப்பாவை நான் பார்த்ததில்லை, ஆனாலும் நம்ம ஊர் வழக்கப்படி அப்படித்தான் சொல்ல வருகிறது) மூடியைக் கழற்றி, இரும்புக் கோருக்கு வெளியே நீட்டி நிற்கும் காயில் பகுதியான ஓவர்ஹாங்கைப் பார்த்ததுமே, 'இது லைன் போனது, இது லோடு அதிகம்' என்று சொல்லிவிடுவார் என நினைக்கிறேன். முதலில் அவரிடமிருந்து அதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

எல்லா பேஸும் ஒரே சீராகக் கருகியிருந்தால் ஓவர்லோடு, காற்றோட்டம் அடைபட்டது, வோல்டேஜ் குறைவு, அடிக்கடி ஸ்டார்ட் செய்தது ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்டார் கனெக்ஷன் (மூன்று பேஸ் சுருள்களின் ஒரு முனையை ஒன்றாகக் கட்டியது) மோட்டாரில் இரண்டு பேஸ் கருகி ஒன்று மட்டும் புதுசு மாதிரி இருந்தால் மோட்டாருக்கு வரும் ஒரு லைன் போயிருக்கிறது. அதே சிங்கிள் பேசிங் டெல்டாவில் (சுருள்களை முக்கோணமாகக் கட்டியது) நடந்தால் ஒரு பேஸ் மட்டும் கருகும், மற்ற இரண்டும் தப்பிக்கும். மூன்றுமே பழுத்து அதில் ஒன்று மட்டும் அதிகமாகக் கருத்திருந்தால் வோல்டேஜ் மூன்று பேஸிலும் சமமாக இல்லை என்று பொருள். காயில் உட்காரும் பள்ளமான ஸ்லாட்டுக்குள் ஒரே இடத்தில், அதுவும் லைன் உள்ளே வரும் முதல் சுற்றில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை விழுந்திருந்தால், அந்த மோட்டாருக்கு, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. டிரைவ் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஆலையின் டிரான்ஸ்பார்மருக்கு வெளியே, 11 கே.வி. பக்கத்தில் ஒரு ஃபியூஸ் போனால், டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்பார்மர் வழியாக வரும்போது மோட்டாரின் ஒரு லைனில் மற்ற இரண்டைப்போல இரட்டிப்புக் கரண்ட் ஓடும். அப்போது ஸ்டார் மோட்டாரிலும் ஒரே பேஸ்தான் கருகும். காயில் காட்டுவது சந்தேகத்தைத்தான். தீர்ப்புக்கு அளவு வேண்டும்.

ஆகவே ஒரு நீளமான நோட்டு வாங்கி, வருகிற ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நேம் பிளேட்டில் உள்ளது முழுவதும், எந்த ஊர், எந்த இயந்திரம், ஸ்டாரா டெல்டாவா, கருகியது பகலா இரவா, அன்று மழையோ காற்றோ இருந்ததா, கரண்ட் மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே எத்தனை ஆம்பியரில் வைக்கப்பட்டிருந்தது, கெபாசிட்டர் உண்டா, டிரைவ் உண்டா என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். ஓவர்ஹாங்கை இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். கழற்றிய பேரிங்கைத் தூக்கிப் போடாமல் அறுத்து உள் வளையத்தைப் பாருங்கள். ஆடி மாதத்துக் காற்றில் மேற்கே தென்காசிப் பக்கம் மரக்கிளை லைனில் உரசும் நாட்களில் எத்தனை மோட்டார் வருகிறது, பங்குனி வெயிலில் எத்தனை வருகிறது என்பதெல்லாம் அந்த நோட்டில் தானாகவே தெரிய ஆரம்பிக்கும்.

இன்னொன்று. சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். 'கரண்ட் சரியில்லை' என்று சொல்லும் முன் கடைக்குள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய காயிலை உருவுவதற்கு, மோட்டாரின் அசையாப் பகுதியான ஸ்டேட்டரைத் திறந்த நெருப்பில் போடும் பழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். கோர் தகடுகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய இன்சுலேஷன் அதில் கெட்டுவிடும். கட்டுப்பாடு உள்ள அடுப்பில் 370 டிகிரி தாண்டாமல் வைப்பது நல்லது. கோர் கெட்ட மோட்டார் லோடு இல்லாமலே சுடும். அதற்கு எவ்வளவு நல்ல கரண்ட் கொடுத்தாலும் மறுபடி கருகும். கம்பியின் கேஜும் சுற்று எண்ணிக்கையும் பழையபடியே இருக்கிறதா, வார்னிஷ் உள்ளே இறங்கிக் காய்ந்ததா என்பதும் உங்கள் நோட்டில் வரவேண்டும். உங்கள் பக்கத்தை நீங்களே சோதித்து எழுதி வைத்திருந்தால்தான் 'அளந்து சொன்னால் நம்புவார்களா' என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

இப்போது அளவுக்கு வருகிறேன். பல வருடங்களுக்கு முன் தாமிரபரணி வடகரையில் ஓர் அரிசி ஆலைக்குக் கூப்பிட்டார்கள். பிசான அறுவடை முடிந்து நெல் குவிந்து கிடந்த நேரம், இரண்டு ஷிப்டும் ஓடிக்கொண்டிருந்தது. 30 எச்.பி. மோட்டார் ஒன்று அந்தப் பருவத்தில் மட்டும் மூன்று தடவை கருகியிருந்தது. ஆலைக்காரர் ரீவைண்டரைத் திட்டினார், ரீவைண்டர் லைனைத் திட்டினார். ஆலை எலெக்ட்ரீஷியன் கிளாம்ப் மீட்டர் வைத்து மூன்று பேஸும் பார்த்துவிட்டு, 'எல்லாம் சரியாத்தான் இருக்கு சார்' என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. அவர் பார்த்தது காலை பதினொரு மணிக்கு.

வோல்டேஜையும் கரண்டையும் தொடர்ந்து பதியும் ரெக்கார்டரை ஏழு நாள் விட்டோம். பகலில் மூன்று லைன் வோல்டேஜும் 415-ஐ ஒட்டி ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று வோல்ட் வித்தியாசத்தில்தான் இருந்தன. சாயங்காலம் ஆறரைக்கு மேல் விலக ஆரம்பித்து, எட்டு மணி வாக்கில் 405, 383, 388 என்று நின்றன. அந்த மூன்று எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி 392. சராசரியிலிருந்து அதிகம் விலகி நிற்பது 405, விலகல் 13. கூடுதலாக இருப்பதும் விலகல்தான் என்பதைப் பலர் மறந்து குறைந்த எண்ணையே பார்ப்பார்கள். 13-ஐ 392-ஆல் வகுத்தால் 3.3 சதவீதம். அமெரிக்க மோட்டார் உற்பத்தியாளர்களின் நேமா எம்.ஜி. 1 தரநிலை சொல்லும் முறை இதுதான்.

3.3 சதவீதம் என்றால் அற்பம் என்று தோன்றும். ஆனால் வோல்டேஜில் உள்ள ஏற்றத்தாழ்வு கரண்டில் ஆறு முதல் பத்து மடங்காகத் தெரியும். காயிலின் வெப்ப ஏற்றமோ அந்தச் சதவீதத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கிய அளவுக்குக் கூடும். 3.3-ஐ 3.3-ஆல் பெருக்கி இரண்டால் பெருக்கினால் சுமார் 22 சதவீதம். 80 டிகிரி ஏற வேண்டிய காயில் 97, 98 டிகிரி ஏறுகிறது. ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இன்சுலேஷனின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் நம்பும் தோராய விதி. அதன்படி அந்தக் காயிலின் ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. ஏற்றத்தாழ்வு 3 சதவீதம் இருக்கும்போது மோட்டாரை அதன் சக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் இழுக்க விடக்கூடாது, 5 சதவீதம் என்றால் முக்கால் பங்குக்குமேல் கூடாது, அதற்கும் மேலே போனால் ஓட்டவே கூடாது. அவர்களோ அறுவடை நெருக்கடியில் முழு லோடுக்கும் மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். 40 ஆம்பியர் மோட்டாருக்கு ரிலேயை 48-இல் வைத்திருந்தார்கள், அடிக்கடி ட்ரிப் ஆகிறது என்பதற்காக. ட்ரிப் ஆனது மோட்டார் கதறியதால்தான் என்று யாரும் யோசிக்கவில்லை.

மெயின் ஸ்விட்சில் ஒரு ரெக்கார்டர், மோட்டார் டெர்மினலில் இன்னொன்று என்று இரண்டு இடத்தில் வைத்திருந்தோம். இரண்டிலும் ஏற்றத்தாழ்வு ஒன்றாகவே இருந்தது. உள்ளே லக்கு (கேபிள் முனை இணைப்பு), கான்டாக்டர் (மோட்டாரை ஓட்டி நிறுத்தும் ஸ்விட்ச்), கேபிள் எதுவும் காரணமில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. ஒரே இடத்தில் மட்டும் அளந்துவிட்டுக் குற்றத்தை உள்ளே என்றோ வெளியே என்றோ சொல்கிறவரை நான் நம்புவதில்லை. ஏழு நாள் வரைபடத்துடன் விநியோக அலுவலகத்துக்குப் போனோம். அந்த டிரான்ஸ்பார்மரின் தெருக்களில் வீட்டு இணைப்புகள் ஒரு பேஸில் அதிகமாகக் குவிந்திருந்தன. சாயங்காலம் விளக்கும் மிக்சியும் மோட்டாரும் ஒன்றாக ஓடும்போது அந்த ஒரு பேஸ் மட்டும் இறங்கியது. இணைப்புகளைப் பிரித்துப் போட்டார்கள். ரிலேயையும் 40-க்கு இறக்கினோம். மோட்டார் அதற்குப் பிறகு கருகவில்லை.

இந்தக் கதையில் கருவியின் விலைக்கு வேலையே இல்லை. எங்கே வைப்பது, எத்தனை நாள் வைப்பது, எந்த நேரத்தைப் பார்ப்பது என்பதுதான் வேலை. பயிற்சி என்று நீங்கள் தேட வேண்டியதும் அதைத்தான்.

ஆகவே 24,000 ரூபாய் கட்டும் முன் அந்தப் பயிற்சிக்காரர்களிடம் போனில் கேளுங்கள். லோடு கொடுத்து ஓடும் மோட்டார் வகுப்பில் இருக்கிறதா, அல்லது மூன்று நாளும் படக்காட்சிதானா? ஒரு வாரத்து உண்மையான பதிவைக் கையில் கொடுத்துக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்வார்களா? வேண்டுமென்றே தப்பாக மாட்டிய கிளாம்பைக் கண்டுபிடிக்கும் பயிற்சி உண்டா? கடைசியில் அறிக்கை எழுதவைத்துத் திருத்துவார்களா? ஒரே கம்பெனியின் கருவியில் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதுதான் பாடம் என்றால் அது விற்பனை விளக்கம். அதற்குப் பணம் கொடுக்காதீர்கள்.

தப்பாக மாட்டிய கிளாம்ப் என்று ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், என் ஆரம்ப காலத்தில் ஒரு வாரப் பதிவே அதனால் வீணானது. மூன்று கிளாம்பில் ஒன்றின் அம்புக்குறி திரும்பியிருந்தது. ஒரு பேஸில் கிலோவாட் மைனஸில் ஓடியிருக்கிறது. வோல்டேஜும் ஆம்பியரும் சரியாகத் தெரிந்ததால் நான் கவனிக்கவில்லை. இன்றுவரை, வோல்டேஜையும் கரண்டையும் அம்புகளாகக் காட்டும் ஃபேசர் படத்தைத் திரையில் பார்த்து, மூன்று கரண்டும் தன் தன் வோல்டேஜுக்குக் கொஞ்சம் பின்னால் நிற்கிறதா என்று உறுதி செய்யாமல் பேனல் கதவை மூடுவதில்லை.

இன்னொரு பொறி, சராசரி. மின்தர அளவீட்டுக்கான ஐ.இ.சி. 61000-4-30 தரநிலையில் 10 நிமிடச் சராசரி உண்டு. ஒரு வாரப் போக்கைப் பார்க்க அது அருமையானது. ஆனால் எட்டு விநாடி ஸ்டார்ட்டிங் கரண்டும், கால் விநாடி வோல்டேஜ் சரிவும் அந்தப் பத்து நிமிடத்தில் கரைந்து காணாமல் போய்விடும். காற்றுக் காலத்தில் கான்டாக்டர் 'டப்'பென்று விழுந்து ஆலை நிற்பது அந்தக் கால் விநாடியில்தான். ஆகவே போக்குப் பதிவோடு, அரைச் சுழற்சி அளவில் சரிவைப் பிடிக்கும் ஈவென்ட் பதிவையும் போடத் தெரிந்திருக்க வேண்டும். எல்லையை எவ்வளவில் வைப்பது என்று கேளுங்கள். வகுப்பில் பலர் கேட்க மறக்கும் கேள்வி அது.

நூற்பாலை மோட்டார்களில் உங்களுக்கு வேறு மாதிரி வேலை வரும். காயில் நன்றாக இருக்கும், ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேரிங் மாற்றச் சொல்வார்கள். அறுத்துப் பார்த்தால் வளையத்தில் கொத்திய அம்மிபோல் வரிசையாகக் குறுக்குக் கோடு இருக்கும். டிரைவ் உண்டாக்கும் வோல்டேஜ் ஷாஃப்ட் வழியாகப் பேரிங்கைத் துளைத்துக்கொண்டு எர்த்துக்குப் போன தடம் அது. இதை மெயின் பேனலில் வைத்த அனலைசர் காட்டவே காட்டாது, ஆஸிலோஸ்கோப்பும் ஷாஃப்ட்டைத் தொடும் புரோபும் வேண்டும். தீர்வு ஷாஃப்ட் எர்த்திங் பிரஷ், இன்சுலேட்டட் பேரிங், டிரைவ் கேபிளின் எர்த்தை ஒழுங்காகக் கட்டுவது. கருவி எதைக் காணாது என்பதையும் சொல்லித் தருகிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

பவர் ஃபேக்டரைச் சரிசெய்யப் போடும் கெபாசிட்டர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாதாரண ஆறு பல்ஸ் டிரைவ்கள் 5, 7, 11, 13-ஆவது ஹார்மோனிக்ஸை, அதாவது 50 ஹெர்ட்ஸின் அத்தனை மடங்கில் ஓடும் கரண்டை உண்டாக்கும். அதில் ஐந்தாவது, மோட்டாரை எதிர்த்திசையில் திருப்பப் பார்க்கும், அதாவது வெறும் சூடு. 500 கே.வி.ஏ., 5 சதவீத இம்பிடன்ஸ் டிரான்ஸ்பார்மரின் ஷார்ட் சர்க்யூட் திறன் ஏறக்குறைய 10,000 கே.வி.ஏ. அதில் 400 கே.வி.ஏ.ஆர். கெபாசிட்டர் போட்டால், 10,000-ஐ 400-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். ஐந்து. கெபாசிட்டரும் டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து ஒத்ததிரும் புள்ளி அது. டிரைவ் தருகிற ஐந்தாவதோடு நேராகப் போய் மோதும். பவர் ஃபேக்டர் நன்றாக இருக்கிறதே என்று மகிழ்ந்துகொண்டிருக்கும்போது கெபாசிட்டர் உப்பி வெடிக்கும். கெபாசிட்டரோடு தொடராக 7 சதவீத ரியாக்டர் (ஒரு காயில்தான்) போட்டால் அந்தப் புள்ளி 189 ஹெர்ட்ஸுக்கு இறங்கி ஐந்தாவதின் 250-க்குக் கீழே பாதுகாப்பாக நின்றுவிடும்.

காத்திருக்கும் மூன்று மாதத்தில் படிக்க: எரிசக்தித் திறன் பணியகமான பி.இ.இ., எனர்ஜி ஆடிட்டர் தேர்வுக்காக வெளியிட்டிருக்கும் மூன்றாவது புத்தகம் மின்சாதனங்களைப் பற்றியது. மோட்டார் அத்தியாயத்தை இரண்டு தடவை படியுங்கள். என்.பி.டி.இ.எல். தளத்தில் மின்தரம் பற்றிய ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. கணக்கு கொஞ்சம் கடினம், முதல் சில வகுப்புகளை மட்டும் பார்த்தாலும் போதும். விநியோக மின்சாரத்தின் தரத்துக்கு நம் நாட்டுத் தரநிலை ஐ.எஸ். 17036. அதன் எண்ணும் பெயரும் உங்கள் அறிக்கையில் இருந்தால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். சென்னை மட்டுமே வழி என்றும் இல்லை. நெய்வேலியில் தேசிய மின்சக்திப் பயிற்சி நிறுவனத்தின் கிளை இருக்கிறது. கோயம்புத்தூரில் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிறுவனம் 1956 முதல் இயங்குகிறது. இரண்டு இடத்திலும் பயிற்சி அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள்.

கருவியை வாடகைக்கு எடுங்கள். வழக்குக்கும் தகராறுக்கும் போகும் அளவுக்கு 'ஏ' வகுப்புக் கருவி வேண்டும், விலை லட்சங்களில் போகும். காரணம் தேடுவதற்கு 'எஸ்' வகுப்பு போதும். சொந்தமாக இப்போதே வாங்க வேண்டியது, கோணிய அலையையும் சரியாக அளக்கும் ட்ரூ ஆர்.எம்.எஸ். கிளாம்ப் மீட்டர் ஒன்று. உங்களிடம் இருப்பது பழைய வகையானால், டிரைவ் போட்ட லைனில் அது குறைவாகக் காட்டி உங்களை ஏமாற்றும். மீட்டரிலும் அதன் வயரிலும் 'கேட் 3, 600 வோல்ட்' என்ற பாதுகாப்பு வகையாவது போட்டிருக்க வேண்டும்.

நம்புவார்களா என்று கேட்டிருந்தீர்கள். ரீவைண்டரே அளந்து 'தப்பு என்னுடையதில்லை' என்று சொன்னால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. கிளாம்பை ஆலை எலெக்ட்ரீஷியன் கையாலேயே மாட்ட வையுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். பதிவுக் கோப்பை முழுசாக அவர்களிடமே ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். அறிக்கையில் அளந்த எண் ஒரு பக்கம், உங்கள் கருத்து தனியாக இன்னொரு பக்கம். தப்பு வைண்டிங்கில்தான் என்று தெரிந்தால் அதையும் அதே காகிதத்தில் எழுதி, இலவசமாகச் சுற்றிக் கொடுங்கள். அப்படி ஒரே ஒரு அறிக்கை போனால் போதும், அந்த ஆலைக்காரர் அடுத்த மோட்டாருக்கு உங்களைத்தான் கூப்பிடுவார்.

பேனலைத் திறக்கும் நாளில் துப்பட்டா, வளையல், கழுத்துச் சங்கிலி எதுவும் இருக்கக்கூடாது. ரப்பர் கையுறையும் காலணியும் கட்டாயம். முடிந்தவரை சப்ளையை நிறுத்திக் கிளாம்பை மாட்டுங்கள். பேனலில் ஏற்கெனவே இருக்கும் சி.டி.யின் (கரண்டைக் குறைத்து மீட்டருக்குத் தரும் டிரான்ஸ்பார்மர்) செகண்டரி வயரை எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள். லோடில் அது திறந்தால் ஆயிரக்கணக்கில் வோல்டேஜ் ஏறும். சீல் வைத்த மீட்டர் பெட்டிப் பக்கமே போக வேண்டாம். லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இல்லாமல் தனியாக எந்தப் பேனலையும் திறக்க வேண்டாம், அண்ணாச்சி சொன்னாலும்.

நோட்டில் மூன்று மாதம் நிரம்பியதும், திரும்பத் திரும்பக் கருகி வரும் ஒரே ஒரு மோட்டாரைத் தேர்ந்தெடுத்து, அந்த ஆலையில் வாடகைக் கருவியை ஏழு நாள் வையுங்கள். பதிவுக் கோப்பு, நேம் பிளேட் போட்டோ, ரிலே அளவு, காயில் போட்டோ நான்கையும் சேர்த்து இதே முகவரிக்கு எனக்கு அனுப்புங்கள். பயிற்சிக்குப் போகும் முன் அதைப் பார்த்து, வகுப்பில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளை எழுதி அனுப்புகிறேன்.